நரி வேட்டை (வின்ஸ்லோ ஹோமரின் ஓவியம்)

நரி வேட்டை என்பது அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1893-ஆம் ஆண்டில் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஆகும். ஆழமான பனியில் கால்கள் புதையத் தடுமாறிச் செல்லும் ஒரு செந்நரியையும், அதன் மேல் இறங்கிவரும் காகக் கூட்டத்தையும் இது காட்டுகிறது. சுமார் 96 செ.மீ. உயரமும் 174 செ.மீ. அகலமும் உடைய இந்த ஓவியம், ஹோமர் வரைந்தவற்றுள் மிகப் பெரியதாகக் கருதப்படுகிறது. பிலடெல்பியா நகரிலுள்ள பென்சில்வேனியா நுண்கலைக் கழகம் 1894-இல் இதை விலைக்கு வாங்கியது. ஹோமரின் ஓவியம் ஒன்று அருங்காட்சியகத் தொகுப்பில் இடம்பெற்றது அதுவே முதல் முறை.

தமிழில் ‘பனி’ என்னும் சொல் மார்கழிக் காலையில் புல்லில் நிற்கும் ஈரத்தையும் குறிக்கும். இக்கட்டுரையில் அது வானிலிருந்து பொழிந்து நிலத்தில் அடுக்கடுக்காகத் தங்கும் வெண்பனியையே குறிக்கிறது. அதுபோலத் தமிழ்நாட்டில் நரி என்றவுடன் பலரும் நினைப்பது குள்ளநரியை. ஓவியத்தில் உள்ள விலங்கு வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகிய கண்டங்களின் குளிர்ப் பகுதிகளில் பரவலாக வாழும் செந்நரி. செம்மஞ்சள் நிற மயிரும், கறுத்த கால்களும் காதுகளும், அடர்ந்த வாலும் கொண்டது.

ஓவியத்தில் காண்பவை

ஓவியத்தின் பெரும்பகுதியைப் பனியே நிரப்பியுள்ளது. அடிவானம் மிக உயரத்தில் இருப்பதால் பனிமேடு பார்ப்பவரின் முகத்துக்கு நேரே எழுந்து நிற்பது போலத் தோன்றும். அதன் நடுவே நரி, இடப்புறம் நோக்கி நீண்டு கிடக்கும் ஒரே சாய்கோடாக வரையப்பட்டுள்ளது. கால்கள் பனிக்குள் இறங்கியிருக்கின்றன. அதன் முகம் பார்ப்பவருக்கு முழுமையாகத் தெரிவதில்லை. அச்சத்தைக் காட்டும் கண்களோ, பிளந்த வாயோ இல்லை. ஆபத்தை உடலின் சாய்வும் காதுகளின் நிலையும் மட்டுமே உணர்த்துகின்றன.

நரிக்கு மேலே, ஓவியத்தின் மேல் விளிம்பை ஒட்டி, இரண்டு பெரிய காகங்கள் சிறகு விரித்து வருகின்றன. வலப்புறத்தில், அடிவானத்தை ஒட்டி, மேலும் சில காகங்கள் கூட்டமாக நெருங்குகின்றன. இடப்புறத்தில் சிவந்த காய்களைத் தாங்கிய ஒரு காட்டுச் செடியின் நுனி பனியைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. பின்னணியில் சாம்பல் நிறக் கடல். பாறையில் மோதி உடையும் ஓர் அலையின் வெண்ணுரை மட்டும் தெரிகிறது. மனிதர் எவரும் இல்லை. வீடு, வேலி, காலடித் தடம் என மனிதரை நினைவூட்டும் எதுவும் இல்லை.

ஓவியரின் கையொப்பம் கீழ் இடது மூலையில் உள்ளது. அதன் எழுத்துகளும் நரியைப் போலவே பனியில் புதைந்துகொண்டிருப்பது போல வரையப்பட்டுள்ளன. இது தற்செயலாக அமைந்ததன்று எனக் கலை வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். தன் பெயரையும் நரியுடன் அதே பனிக்குள் இறக்கிவைத்ததன் மூலம் ஓவியர் எந்தப் பக்கத்தில் தன்னை நிறுத்திக்கொண்டார் என்பது அவர்கள் எழுப்பும் கேள்வி.

பனி புரட்டிப்போடும் நிலை

செந்நரி சாதாரண நாட்களில் காகத்துக்கு அஞ்ச வேண்டிய விலங்கு அன்று. வளர்ந்த நரியின் எடை பெரும்பாலும் 3 முதல் 7 கிலோகிராம் வரை இருக்கும். ஓர் அமெரிக்கக் காகத்தின் எடையோ ஏறக்குறைய அரைக் கிலோதான். எலி, முயல், பறவை, முட்டை என எதையும் உண்ணும் நரிக்குத் தரையில் அகப்படும் காகமும் இரையே. குறைந்த ஆழமுள்ள பனி நரிக்கு உதவவும் செய்யும். பனிக்கு அடியில் ஓடும் எலியின் ஒலியைக் காதால் கண்டறிந்து, மேலெழும்பிப் பாய்ந்து பிடிப்பதில் செந்நரி வல்லது.

பனி புதிதாகவும் ஆழமாகவும் விழும்போது நிலை மாறுகிறது. வட அமெரிக்கக் காடுகளில் வாழும் பனிமுயலுக்கும் லின்க்ஸ் என்னும் காட்டுப் பூனைக்கும் அகன்ற பாதங்கள் உண்டு. அவை பனியின் மேற்பரப்பிலேயே ஓடும். நரியின் பாதங்கள் சிறியவை. இறுகாத பனியில் அது ஒவ்வோர் அடியிலும் அமிழ்ந்து, மீண்டும் எழும்பி, அடுத்த அடியில் மறுபடி அமிழ வேண்டும். அதன் பெரிய பலமான வேகம் அங்கே பயன்படாது. காகத்துக்கோ இந்தத் தடை எதுவும் இல்லை.

காகங்கள் கூட்டமாகச் சேர்ந்து தம்மைவிடப் பெரிய விலங்குகளையும் பருந்து, ஆந்தை போன்ற பறவைகளையும் மொய்த்துத் தாக்குவது பறவையியலில் நன்கு பதிவான நடத்தை. நீண்ட குளிர்காலத்தில் பசி முற்றும்போது, பனியில் சிக்கிய நரியையும் அவை அவ்வாறு துணிந்து சூழும் என்பதே இந்த ஓவியத்துக்குத் தொடக்க காலம் முதல் தரப்படும் விளக்கம். ஓவியம் அந்தத் தாக்குதலைக் காட்டவில்லை. அதற்குச் சில கணங்களுக்கு முந்தைய நிலையில் நின்றுவிடுகிறது. நரி இறந்ததா, தப்பியதா என்பதற்குக் குறிப்பு எதுவும் ஓவியத்துக்குள் இல்லை.

பிரௌட்ஸ் நெக் கடற்கரை

வின்ஸ்லோ ஹோமர் 1836-இல் பாஸ்டன் நகரில் பிறந்தார். தாய் ஹென்ரியேட்டா பென்சன் நீர்வண்ண ஓவியர். ஹோமர் முறையான கலைக்கல்லூரிப் படிப்பின் வழி வந்தவர் அல்லர். இளமையில் பாஸ்டனில் ஒரு கல்லச்சுக் கூடத்தில் தொழில் பயின்று, பின்னர் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ உள்ளிட்ட இதழ்களுக்குப் படம் வரைபவராக வாழ்க்கையைத் தொடங்கினார். நேரில் கண்டதை விரைவாகவும் பிழையின்றியும் கோடுகளில் பதியும் பழக்கம் அங்கிருந்து வந்தது. 1881, 1882 ஆண்டுகளில் இங்கிலாந்தின் கல்லர்கோட்ஸ் என்னும் மீனவர் ஊரில் தங்கியிருந்தபோது அவருடைய கவனம் கடலின் பக்கம் முழுமையாகத் திரும்பியது.

1883-இல் அவர் மெய்ன் மாநிலத்தின் ஸ்கார்பரோ நகரைச் சேர்ந்த பிரௌட்ஸ் நெக் என்னும் பாறைத் தீபகற்பத்துக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய குடும்பத்தார் அங்கே நிலம் வாங்கியிருந்தனர். குதிரைவண்டி நிறுத்தும் கொட்டகை ஒன்றைக் கடலை நோக்கிய மேல்தாழ்வாரத்துடன் மாற்றியமைத்து, அதையே வீடாகவும் ஓவியக் கூடமாகவும் வைத்துக்கொண்டார். கோடையில் விடுமுறைக்கு வருவோரால் பிரௌட்ஸ் நெக் நிறைந்திருக்கும். அவர்களைத் தம் வாசலில் அண்டவிடாமல் இருக்க, பாம்புகளும் எலிகளும் இருப்பதாக எச்சரிக்கும் பலகை ஒன்றைத் தாமே எழுதி வைத்தார் ஹோமர். இலையுதிர்காலம் முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்பிவிடுவர். அதன் பிறகு எஞ்சுவது கடலும் பாறையும் பனியும்தான். வெப்பப் பகுதிகளுக்குப் பயணம் சென்ற சில குளிர்காலங்கள் தவிர, ஹோமர் அங்கேயே தங்கினார். திறந்த வெளியில் குளிரைத் தாங்கி வரைவதற்காக, கண்ணாடிச் சாளரம் பொருத்திய, இடம்விட்டு இடம் நகர்த்தக்கூடிய சிறு குடில் ஒன்றையும் பயன்படுத்தினார்.

நரி வேட்டை இந்தக் குளிர்காலத் தனிமையில் உருவானது. பின்னணியில் தெரியும் கடலும் பாறையும் அவருடைய வீட்டருகே உள்ளவையே.

செத்த காகமும் உயிருள்ள காகமும்

ஓவியம் உருவான விதம் பற்றி ஸ்கார்பரோ வட்டாரத்தில் நெடுங்காலம் வழங்கிவந்த ஒரு செய்தி, ஹோமரின் வாழ்க்கை வரலாற்று நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. அதன்படி, ஓவியத்துக்கு மாதிரியாக ஒரு நரியையும் சில காகங்களையும் அவ்வூர் இளைஞர் ஒருவர் சுட்டுக் கொண்டுவந்தார். ஹோமர் அவற்றைப் பனியில், தமக்கு வேண்டிய நிலையில், குச்சிகளையும் கயிறுகளையும் கொண்டு நிறுத்திவைத்து வரைந்தார். குளிரில் விறைத்திருந்த உடல்கள் வெயில் ஏறியதும் இளகித் தொய்ந்துவிட்டன. ஆயினும் அவர் வரைந்து முடித்தார்.

முடித்த ஓவியத்தைப் பார்க்க அவர் அழைத்தது கலை விமர்சகரை அல்ல. ஸ்கார்பரோ தொடர்வண்டி நிலையத்தின் பொறுப்பாளரை அழைத்தார். அவர் ஹோமரின் நண்பர். அவர் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, இவை காகங்களே அல்ல என்று சொல்லிவிட்டார். ஹோமர் வாதிடவில்லை. வரைந்திருந்த காகங்களைத் தூரிகையால் மறைத்துவிட்டு, நிலையத்துக்குச் சென்றார். அங்கே தரையில் சோளம் இறைத்து, அதைத் தின்ன வந்த காகங்களைச் சில நாட்கள் இருந்து பார்த்துக் கோட்டோவியங்கள் எழுதினார். இன்று ஓவியத்தில் இருப்பவை அவ்வாறு மீண்டும் வரையப்பட்ட காகங்கள்.

வாய்வழியாக வந்த செய்திகள் சொல்லச் சொல்ல மெருகேறுவது உண்டு. இதிலும் அது நடந்திருக்கலாம். இருப்பினும், 19-ஆம் நூற்றாண்டின் விலங்கு ஓவியங்களுக்குப் பொதுவாக இருந்த ஒரு சிக்கலை இச்செய்தி தெளிவாகக் காட்டுகிறது. காட்டு விலங்கை அருகிலிருந்து ஆராய வேண்டுமானால் அதைக் கொல்ல வேண்டியிருந்தது. கொன்றபின் அதன் உடல், மயிர், இறகின் அடுக்கு அனைத்தும் கிடைத்தன. அசைவு மட்டும் போய்விட்டது. ஓவியக் கல்வியில் தேர்ந்தவர்கள் அந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். நாள்தோறும் தண்டவாளத்தின் ஓரத்தில் காகங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் கண்ணுக்கு அது உடனே பட்டுவிட்டது.

பனியும் நரியும்: முந்தைய ஓவியங்கள்

ஐரோப்பிய ஓவிய மரபில் பனிநிலமும் வேட்டையும் நீண்ட காலமாகச் சேர்ந்தே வந்தவை. அவற்றுள் புகழ்பெற்றது பீட்டர் புரூகல் 1565-இல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’. ஆண்டின் பருவங்களைக் காட்டும் தொடர் ஒன்றின் பகுதியாக, ஆண்ட்வெர்ப் நகர வணிகரான நிக்கோலஸ் யோங்கலிங்க்கின் இல்லத்துக்காக வரையப்பட்ட இது, இன்று வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. மூன்று வேட்டைக்காரர்கள், தலை தொங்கிய நாய்களுடன், பனியில் தளர்ந்து நடந்து ஊர் திரும்புகின்றனர். கீழே உறைந்த குளங்களில் மக்கள் சறுக்கி விளையாடுகின்றனர். இத்தனை ஆட்களும் நாய்களும் சேர்ந்து கொண்டுவரும் இரை எது என்று தேடினால், ஒருவரின் தோளில் சாய்ந்த கோலில் தொங்கும் ஒரேயொரு நரிதான் தென்படும். பெருங்குளிரில் வேட்டை பொய்த்துப்போனதை அந்த மெலிந்த நரி சொல்லிவிடுகிறது. அருகில் உள்ள விடுதியின் மான் உருவப் பெயர்ப்பலகைகூடக் கொக்கி கழன்று சரிந்து கிடக்கிறது.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு, பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பே 1860-இல் ‘பனியில் நரி’ என்ற ஓவியத்தை வரைந்தார். அமெரிக்காவின் டல்லஸ் கலை அருங்காட்சியகத்தில் உள்ள இதில் மனிதர் இல்லை. பாறையோரப் பனியில் ஒரு நரி தான் பிடித்த எலியைத் தின்றுகொண்டிருக்கிறது. பனியில் இரத்தத் துளிகள் தெரிகின்றன. புரூகலிடம் பிணமாகத் தொங்கிய விலங்கு இங்கே உயிருடன், தன் வேலையைப் பார்க்கும் வேட்டை விலங்காக முழுச் சட்டகத்தையும் பிடித்துக்கொண்டது. கூர்பே தாமே வேட்டையாடுபவர். பனியில் வேட்டை அவருக்குத் திரும்பத் திரும்ப வந்த பொருள். நாய்கள் சூழ வீழும் கலைமானைக் காட்டும் அவருடைய 1867-ஆம் ஆண்டு ஓவியம் ஒரு சுவரையே அடைக்கும் அளவுக்குப் பெரியது.

அதே காலத்தில் குளோட் மோனே வரைந்த ‘மேக்பை’ என்னும் ஓவியத்தையும் இங்கே குறிப்பிடலாம். 1868-69 குளிர்காலத்தில் வரையப்பட்ட இதில், பனி மூடிய வேலிப் படலின் மேல் காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை உட்கார்ந்திருக்கிறது. பனியில் விழும் நிழல் கறுப்பாக இல்லாமல் நீலமாக இருக்கிறது. பாரிஸ் சலோன் கண்காட்சி 1869-இல் இதை ஏற்க மறுத்தது. பனியின் நிறம் வெண்மை மட்டும் அன்று என்பதை ஓவியர்கள் வெளிப்படையாகக் காட்டத் தொடங்கிய காலம் அது.

ஹோமர் 1866-இன் இறுதியிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு பாரிஸில் தங்கியிருந்தார். 1867-ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சியில் அவருடைய இரண்டு ஓவியங்கள் வைக்கப்பட்டிருந்தன. கூர்பே தம் ஓவியங்களுக்கெனத் தனிக் கூடம் எழுப்பிக் காட்சிக்கு வைத்ததும் அதே ஆண்டில், அதே நகரில்தான். ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள் பாரிஸ் ஓவியர்களின் கைகளில் புழங்கியதும் அப்போதே. நரி வேட்டையில் ஆழம் குறைந்து தட்டையாகத் தெரியும் பனிப்பரப்பு, அதன் குறுக்கே வெட்டிச் செல்லும் சாய்கோடு, கறுத்த நிழலுருவங்களாக மட்டும் நிற்கும் காகங்கள் ஆகியவற்றில் ஜப்பானிய அச்சுப் படங்களின் சாயலைப் பலர் கண்டுள்ளனர்.

வண்ணம்

ஓவியத்தை ஒரு பார்வையில் பார்ப்பவர் வெள்ளை, கறுப்பு, செம்மை என மூன்று வண்ணங்களைத்தான் சொல்வார். கூர்ந்து பார்த்தால் பனியில் தூய வெள்ளை குறைவு. நீலமும் ஊதாவும் சாம்பலும் கலந்த மங்கிய ஒளி அது. அந்த நீலச் சாயலுக்கு எதிரே நிற்பதால்தான் நரியின் செம்மஞ்சள் நிறம் எரிவது போலத் தெரிகிறது. எதிர் எதிர் வண்ணங்கள் அருகருகே வைக்கப்படும்போது ஒன்றையொன்று தூக்கிக்காட்டும் என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜீன் செவ்ரல் 1839-இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கியிருந்தார். அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஹோமரிடம் இருந்தது. அதை அவர் பெரிதும் மதித்தார்.

இடப்புறச் செடியின் சிவந்த காய்கள் சிறியவையாயினும் வேலை செய்கின்றன. கண் நரியின் செம்மையிலிருந்து அந்தச் சிவப்புப் புள்ளிகளுக்குத் தாவுகிறது. நரி செல்ல முயலும் திசையும் அதுவே. இன்னும் சிந்தாத இரத்தத்தின் குறிப்பு என அக்காய்களைச் சிலர் பொருள் கொள்கின்றனர். கூர்பே வெளிப்படையாகக் காட்டிய இரத்தத்தை ஹோமர் காட்டவில்லை என்பதை நினைத்தால் இந்த விளக்கம் வலிந்து கூறியதாகத் தோன்றாது.

வேட்டையாடும் கண்

‘நரி வேட்டை’ என்ற தலைப்பு 1893-இல் ஒருவர் மனத்தில் எழுப்பியிருக்கக்கூடிய காட்சி வேறு. சிவப்பு மேலங்கி அணிந்து குதிரையில் செல்லும் கனவான்கள், ஊதுகொம்பு, குரைக்கும் நாய்க்கூட்டம் என ஆங்கிலேய உயர்குடியினரின் விளையாட்டையே அது குறித்தது. அத்தகைய படங்கள் அச்சில் ஏராளமாக விற்றன. ஹோமர் அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்குரிய மனிதர், குதிரை, நாய் அனைத்தையும் நீக்கிவிட்டார். வேட்டை நடக்கிறது, வேட்டையாடுவோர் காகங்கள்.

இந்த நீக்கம் ஓரிரு ஆண்டுகளில் படிப்படியாக நிகழ்ந்தது. ஹோமர் நியூயார்க் மாநிலத்தின் அடிரோன்டாக் மலைக்காட்டில் மீன்பிடிப்போரும் வேட்டையாடுவோரும் கூடும் கழகம் ஒன்றில் உறுப்பினர். அங்கே, நாய்களை ஏவி மானை ஏரிக்குள் விரட்டி, நீந்தும் மானைப் படகிலிருந்து கொல்லும் முறை வழக்கத்தில் இருந்தது. அது வேட்டையே அன்று, வெறும் கொலை எனக் கண்டித்தவர்களும் அக்காலத்திலேயே உண்டு. 1891-இல் ஹோமர் வரைந்த ‘வேட்டைக்காரனும் நாய்களும்’ ஓவியத்தில், மரங்கள் வெட்டப்பட்டு மொட்டையான சரிவில் ஓர் இளைஞன் மான் தோலைத் தோளில் போட்டு நிற்கிறான். அவன் முகத்தில் வெற்றிக் களிப்போ வீரமோ இல்லை. சில விமர்சகர்கள் அந்த முகத்தைக் கொடியது என்று வெறுத்தனர். அடுத்த ஆண்டு வரைந்த ‘வேட்டைநாயும் வேட்டைக்காரனும்’ ஓவியத்தில், படகில் படுத்த ஒரு சிறுவன் நீரில் அமிழும் மானின் கொம்பைப் பிடித்துக்கொள்ளப் போராடுகிறான். அதற்கடுத்து வந்த நரி வேட்டையில் மனிதன் இல்லை.

இதன் வேரை இன்னும் முப்பது ஆண்டுகள் பின்னால் காணலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழுக்காக ஹோமர் வடபடையின் முகாம்களுக்குச் சென்றார். மரக்கிளையில் அமர்ந்து தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியால் குறிபார்க்கும் வீரனை அவர் வரைந்த படம் 1862 நவம்பரில் அவ்விதழில் வெளியாயிற்று. அதே காட்சியை அடுத்த ஆண்டு எண்ணெய் வண்ணத்திலும் வரைந்தார். அவருடைய முதல் எண்ணெய் ஓவியங்களுள் அது ஒன்று. அந்தப் படங்களில் குறி வைக்கப்படும் மனிதன் சட்டகத்துக்கு வெளியே இருக்கிறான். குறிபார்க்கும் வீரன் மட்டுமே தெரிகிறான்.

1896-இல், அதாவது நரி வேட்டைக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, போர்க்காலத்தை நினைவுகூர்ந்து ஹோமர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அத்தகைய துப்பாக்கி ஒன்றின் தொலைநோக்கி வழியே தாம் ஒருமுறை பார்த்ததாகவும், படையில் தாம் கண்டவற்றுள் கொலைக்கு மிக அருகில் வருவது அதுவே எனத் தோன்றியதாகவும், அந்தப் படைப்பிரிவின் மீது எப்போதும் தமக்கு அச்சமும் வெறுப்பும் இருந்ததாகவும் அதில் குறிப்பிட்டார். கடிதத்திலேயே, குறிவட்டத்துக்குள் அகப்பட்ட ஒரு மனிதனின் சிறு உருவத்தையும் வரைந்து காட்டினார்.

1862-இல் குறிபார்ப்பவனை வரைந்த கை, 1893-இல் குறியில் அகப்பட்டதை வரைந்தது. பார்ப்பவரின் கண்மட்டத்தை நரியின் உயரத்துக்கு இறக்கிவைத்தது இந்த ஓவியத்தின் மிக முக்கியமான முடிவு எனலாம். குதிரை மேலிருந்தோ மேட்டிலிருந்தோ இதைப் பார்க்க முடியாது. பனியில் நரியின் அருகே, அதே ஆழத்தில் நின்றால் மட்டுமே காகங்கள் இவ்வளவு பெரிதாகவும் இவ்வளவு அருகிலும் தெரியும்.

டார்வினின் கருத்துகள் பரவி, உயிர்வாழப் போராடுதல் என்பது அன்றாடப் பேச்சில் புழங்கிய காலம் அது. ஆகவே பலர் இவ்வோவியத்தை அக்கருத்தின் விளக்கப் படமாகவும் எழுதியுள்ளனர். அது தவறன்று. ஆயினும் இங்கே வல்லது வெல்வதாக ஓவியம் சொல்லவில்லை. எந்த விலங்கு வல்லது என்பதைப் பனியின் ஆழம்தான் தீர்மானிக்கிறது.

பிலடெல்பியாவில்

1893-ஆம் ஆண்டு ஹோமரின் பெயர் உயர்ந்திருந்த ஆண்டு. சிகாகோவில் நடந்த கொலம்பிய உலகப் பொருட்காட்சியில் ‘புயற்காற்று’ என்ற ஓவியத்துக்காக அவருக்குப் பதக்கம் கிடைத்தது. ஆனாலும் அவருடைய ஓவியங்களை வாங்கியவர்கள் அதுவரை தனியார்களே. பென்சில்வேனியா நுண்கலைக் கழகம் நரி வேட்டையை வாங்கியபோது அவருக்கு வயது 58. 1805-இல் நிறுவப்பட்ட அக்கழகம் அமெரிக்காவின் பழமையான கலை நிறுவனங்களுள் ஒன்று. கலைப் பள்ளியும் அருங்காட்சியகமும் சேர்ந்தது. ஓவியம் இன்றும் அங்கேயே உள்ளது.

நரி வேட்டைக்குப் பிறகு ஹோமர் பனியில் விலங்குகளை இவ்வளவு பெரிய அளவில் மீண்டும் வரையவில்லை. பிற்கால ஓவியங்கள் பெரும்பாலும் கடலையே பொருளாகக் கொண்டன. 1899-இல் வரைந்த ‘வளைகுடா நீரோட்டம்’ அவற்றுள் பெயர்பெற்றது. இறப்பதற்கு முந்தைய ஆண்டான 1909-இல் மட்டும் அவர் பழைய பொருளுக்குத் திரும்பினார். ‘வலமும் இடமும்’ என்ற அந்த ஓவியம் வாஷிங்டனிலுள்ள தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. சாம்பல் நிறக் குளிர்காலக் கடலின் மேல் இரண்டு வாத்துகள். ஒன்று கீழே சரிகிறது, மற்றொன்று மேலெழுகிறது. அலைகளுக்கு அப்பால், தொலைவில், ஒரு படகும் துப்பாக்கியின் சிறு தீப்பொறியும் தெரிகின்றன. துப்பாக்கி நீட்டப்பட்டிருப்பது வாத்துகளை நோக்கி. வாத்துகளுக்கு இப்பால் நிற்பவர் ஓவியத்தைப் பார்ப்பவர்.

ஹோமர் 1910 செப்டம்பரில் பிரௌட்ஸ் நெக் வீட்டில் காலமானார். அந்த வீட்டை 2006-இல் போர்ட்லண்ட் கலை அருங்காட்சியகம் வாங்கிப் புதுப்பித்து, 2012-இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது. பாம்புகளைப் பற்றிய எச்சரிக்கைப் பலகையும் பாதுகாக்கப்பட்டுள்ளது.